ஞாயிறு கூடல்: கிம் நோவாக்கின் நிலமும் வானமும்

நண்பர்களே, வரும் ஞாயிறு மாலை 4 மணிக்கு, வழக்கமான இடத்தில், ஓவியர் கிம் நோவாக் பற்றிப் பேசுகிறோம்.

இயக்குநர் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ (1958) படத்தின் நாயகியாகவே பலரும் அவரை அறிவோம். ஆனால் நடிக்க வருவதற்கு முன்பே சிகாகோவில் ஓவியம் பயின்றவர் அவர். 1966இல் மண்சரிவில் வீட்டை இழந்தபின் ஹாலிவுட்டை விட்டு விலகினார். கலிஃபோர்னியக் கடலோரத்திலும், பிறகு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலும் குதிரைகளோடு வாழ்ந்து வரைந்தார். கண்ட இடத்தை அப்படியே பதிவு செய்வதில் அவருக்கு ஆர்வமில்லை. அவர் ஓவியங்களில் இயற்கையும் முகங்களும் கனவில்போல ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றன. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நடிகையின் பொழுதுபோக்கு என்று தயவுசெய்து ஒதுக்கிவிடாதீர்கள்.

பேச்சுக்குப் பின் நாமும் வரைவோம். பாஸ்டல் எனும் வண்ணக் குச்சிகளும் சொரசொரப்பான தாளும் கொண்டுவாருங்கள். வருபவர்கள் வெள்ளிக்குள் இங்கே தெரிவிக்கவும்.