ரைட் சைடு பெட்டில லெஃப்ட் சைடு ஸ்ட்ரட்: மாத்தித் தரணும்

வணக்கம் சார்,

உங்ககிட்ட கார் முன் பக்கத்துக்கு ஜோடியா வாங்கின ஸ்ட்ரட்ல (ஸ்பிரிங்கோட சேர்ந்து வீல் பக்கம் வண்டியத் தாங்குற ஷாக் அப்சார்பர்), ரைட்னு ஸ்டிக்கர் ஒட்டின பெட்டிக்குள்ளயும் லெஃப்ட் சைடு ஸ்ட்ரட் தான் இருந்துச்சு. பழசைக் கழட்டி, ஸ்பிரிங்க கம்ப்ரஸர் போட்டு அமுக்கி புதுசுல ஏத்தி, கீழ நக்கிள்ல (வீல் ஹப்பைப் பிடிக்கிற பாகம்) போல்ட் ரெண்டும் போட்டு முடிக்கிற வரைக்கும் தப்பே தெரியல, ஏன்னா அந்த ஓட்டை ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணு தான். ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவுல வண்டி ரொம்ப சாயாம பிடிக்கிற கம்பியை ஸ்ட்ரட்டோட இணைக்கிறது) மாட்டப் போனப்ப தான் பிராக்கெட் எதிர்ப்பக்கம் பார்த்துட்டு நிக்குது, பிரேக் ஹோஸ் பிடிக்கிற கிளிப்பும் அதே கதை.

இதுக்கு உங்க கஸ்டமர் கேர்ல சொன்ன பதில் தான் என்னால தாங்க முடியல. ஹோஸை பிளாஸ்டிக் டேக் போட்டு கட்டிக்கோங்கன்றாங்க. சார் அது பிரேக் ஹோஸ், ஸ்டீயரிங்க முழுசா ஒடிக்கும்போதும் வீல் பள்ளத்துல இறங்கும்போதும் அது கூடவே அசையணும், கிளிப் சரியான இடத்துல இல்லன்னா ஒண்ணு இழுபடும் இல்லன்னா டயர்ல உரசும், உரசி உரசி கிழிஞ்சா பிரேக் ஆயிலே வெளிய போயிடும். வண்டில குடும்பத்தோட போறவங்களுக்கு இப்படி ஒரு யோசனைய எப்படி சார் சொல்ல மனசு வருது?

அடுத்து போல்ட் தடம் இருக்கு, யூஸ் பண்ணின பார்ட், ஃபிட்டிங் தப்பு, வாரண்டி வராதுனு மெயில். பிராக்கெட் உங்க ஃபேக்டரில வெல்ட் பண்ணது, எங்க மெக்கானிக் அதுல என்ன தப்பு பண்ண முடியும்? அவர் ரொம்ப வருஷமா இதே வேலை பாக்குறவர், அவர் மேல பழி போட்டது எனக்கு ரொம்ப வருத்தம்.

ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசுனு ஓட்டக்கூடாதுன்றதால வண்டி ஸ்டாண்ட்லயே நிக்குது. எனக்கு சரியான ரைட் சைடு ஸ்ட்ரட் உடனே அனுப்புங்க, ரெண்டாவது தடவை கழட்டி மாட்டுற கூலிய நீங்க தான் குடுக்கணும், ஃபிட்டிங் தப்புனு சொன்னதையும் எழுத்துல வாபஸ் வாங்கணும். அதே பேட்ச்ல மத்தவங்களுக்குப் போன பெட்டிகளையும் செக் பண்ணுங்க, யாராவது நீங்க சொன்ன மாதிரி டேக் போட்டு கட்டி ஓட்டிட்டு இருக்கப் போறாங்க.

ரெண்டு ஸ்ட்ரட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எடுத்த போட்டோ, பெட்டி லேபிள், பில் எல்லாம் இதோட இணைச்சிருக்கேன்.