செயலாளரின் ஆண்டறிக்கை: கள இலக்குப் போட்டி விதிகளின் திருத்தம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, போட்டியாளர்களே, மார்ஷல்களாகப் பணியாற்றிவரும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் தனியே படிக்கவிருப்பதால், சங்கம் இவ்வாண்டு மேற்கொண்ட முக்கியமான பணியைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன். ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத் துப்பாக்கி) கள இலக்குப் போட்டிகளுக்கான நமது விதிப் புத்தகம் முழுமையாக மறுஆய்வு செய்யப்பட்டுள்ளது. முன்பிருந்த விதிகள் பெரும்பாலும் சரியானவையே. ஆனால் ஐயம் எழும் நேரத்தில் யார், எதை, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டிருந்தன. களத்தில் எழும் மனத்தாங்கல்களில் பெரும்பகுதி இந்த இடைவெளியிலிருந்தே பிறக்கிறது என்பது செயற்குழுவின் முடிவு.

புதிய உறுப்பினர்களுக்காக ஆட்டத்தின் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கிய இந்தப் போட்டியில், சிறு விலங்கு அல்லது பறவை வடிவில் வெட்டப்பட்ட இரும்பு முகத்தகடும், அதில் ஒரு வட்டத் துளையும், துளைக்குப் பின்னால் ஒரு தட்டும் இருக்கும். பெல்லட் எனும் சிறு ஈயக் குண்டு துளை வழியே சென்று பின்தட்டைத் தள்ளினால் இலக்கு மல்லாந்து விழும், ஒரு மதிப்பெண். முகத்தகட்டில் பட்டாலோ முற்றிலும் தவறினாலோ பூஜ்யம். ஒவ்வோர் இலக்குக்கும் ஒரே ஒரு குண்டுதான். இலக்குகள் ஏறத்தாழ 9 மீட்டரிலிருந்து 50 மீட்டர் வரையிலான, முன்னரே அறிவிக்கப்படாத தூரங்களில் நிற்கும். தூரத்தைப் போட்டியாளர் தம் துப்பாக்கியின் ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கியில்) உள்ள குவியச் சக்கரத்தைத் திருப்பி, உருவம் தெளியும் இடத்தைப் பார்த்தே கணிக்க வேண்டும். லேசர் தூரமானிக்கு இங்கே இடமில்லை. காற்றை அறியத் துப்பாக்கியில் கட்டிய மெல்லிய நூலைத் தவிர வேறு கருவி கூடாது.

இவ்வாண்டு மிக அதிகமாக விவாதிக்கப்பட்டது, பட்டும் விழாத இலக்கைப் பற்றிய விதிதான். துளைக்குள் சென்றதைத் தன் கண்ணால் கண்டதாகப் போட்டியாளர் உறுதியாகச் சொல்கிறார். இலக்கோ நிமிர்ந்து நிற்கிறது. அவர் பொய் சொல்வதாக யாரும் நினைப்பதில்லை. ஆயினும் துளையின் விளிம்பை உரசிய பெல்லட் தன் ஆற்றலில் பெரும்பகுதியை அங்கேயே இழந்துவிடுவதால், பின்தட்டைத் தொட்டும் தள்ளாமல் போவது உண்டு. இது இலக்கின் கோளாறு அன்று, ஆட்டத்தின் இயல்பு, மதிப்பெண் பூஜ்யமே. உண்மையான கோளாறா, விளிம்பு உரசலா என்பதைப் பிரித்தறிய ஒரே வழி, இலக்கை அது நின்ற நிலையிலேயே சோதிப்பதுதான். எனவே புதிய விதி இவ்வாறு அமைகிறது: ஐயம் கொண்ட போட்டியாளர் அடுத்த குண்டைச் சுடுவதற்கு முன், இலக்கை மீண்டும் நிமிர்த்தும் கயிற்றை இழுப்பதற்கு முன், அதே இடத்திலிருந்து களக் கண்காணிப்பாளரான மார்ஷலை அழைக்க வேண்டும். மார்ஷல் துளையின் கீழ்ப்பகுதியில் ஒரு குண்டு சுட்டுப் பார்ப்பார். இலக்கு விழுந்தால் பூஜ்யம் நிலைத்து நிற்கும். விழாவிட்டால் இலக்கு சரிசெய்யப்பட்டு, போட்டியாளருக்கு மறுவாய்ப்பு தரப்படும். கயிற்றை ஒருமுறை இழுத்துவிட்டால் சோதிப்பதற்கு எதுவும் மிஞ்சாது. முறையிடும் உரிமையும் அத்துடன் முடிந்துவிடும். இந்த வரிசை கடுமையானதாகச் சில உறுப்பினர்களுக்குத் தோன்றியது. என் கருத்தில் இதுவே போட்டியாளரை அதிகம் காக்கும் விதி. ஏனெனில் அவருடைய சொல்லையும் உடனிருந்து மதிப்பெண் குறித்தவரின் சொல்லையும் எதிரெதிரே நிறுத்தி ஒருவரைப் பொய்யராக்கும் நிலை இனி எழாது.

இந்த விதி பயனுடையதாக இருக்க வேண்டுமானால், இலக்குகள் நல்ல நிலையில் இருந்தாக வேண்டும். நமது ஆற்றல் வரம்பில் சுடப்படும் 0.547 கிராம் பெல்லட், குழலை விட்டு வெளியேறும்போது கொண்டிருந்த ஆற்றலில் ஏறத்தாழப் பாதியை மட்டுமே 50 மீட்டரில் தக்கவைத்திருக்கிறது. அந்தப் பலவீனமான தள்ளலுக்கும் விழ வேண்டும். முகத்தகட்டில் பலமாகப் படும்போது எழும் அதிர்வுக்கு விழக்கூடாது. இவ்விரண்டுக்கும் இடையில், இலக்கை நிமிர்த்திப் பிடித்திருக்கும் பிடிகொக்கியைச் சரிசெய்வது பொறுமையான வேலை. அதைக் கெடுப்பவை மிகச் சாதாரணமான காரணங்கள்: கீல்களில் துருவும் சேறும், உறுதியாகப் பதிக்கப்படாததால் அடிபடும்போது ஆடி ஆற்றலை விழுங்கிவிடும் அடிப்பலகை, நிமிர்த்திய பின் தளர்த்தாமல் விறைப்பாக விடப்பட்ட இழுகயிறு. கடைசியாகச் சொன்னதை இலக்கு பராமரிப்போர் மட்டுமன்றி ஒவ்வொரு போட்டியாளரும் கவனிக்க வேண்டும். இலக்கை நிமிர்த்தியவர் கயிற்றைத் தரையில் தளர்வாக விட்டுவிட்டு எழுந்தால், அடுத்தவருக்கு உரிய நியாயம் கிடைக்கிறது. போட்டி நாள் காலையில் ஒவ்வோர் இலக்கையும் சுட்டுச் சோதித்து, முகத்தகட்டுக்கும் துளைப் பகுதிக்கும் வெவ்வேறு நிறத்தில் வண்ணம் பூசி, சோதித்தவர் கையொப்பமிடும் ஏடு ஒன்று இப்போது நடைமுறைக்கு வந்துள்ளது. முகத்தகட்டில் பட்டே ஓர் இலக்கு விழுமானால் அந்த லேன் (சுடும் தடம்) உடனே நிறுத்தப்பட்டு, கொக்கி சரிசெய்யப்பட்ட பிறகே தொடரும்.

அடுத்து ஆற்றல் வரம்பு. சர்வதேசப் போட்டிகளைப் போலவே நமது வரம்பும் 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16.27 ஜூல். பிரிட்டனில் 1969ஆம் ஆண்டு விதிகள், தனி உரிமச் சான்று தேவைப்படாத ஏர் ரைஃபிள்களுக்கு வகுத்த எல்லையே இந்த ஆட்டத்தின் எல்லையாகவும் நிலைத்துவிட்டது. 0.547 கிராம் பெல்லட்டுக்கு இது நொடிக்கு ஏறத்தாழ 244 மீட்டர் வேகமாகும், 0.51 கிராம் பெல்லட்டுக்கு ஏறத்தாழ 253 மீட்டர். எனவே பெல்லட்டின் எடையைச் சொல்லாமல் வேகத்தை மட்டும் சொல்வதில் பொருளில்லை. பெல்லட்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் சோதனையில், போட்டியில் சுடப்போகும் அதே டப்பாவிலிருந்து பெல்லட் எடுக்கப்பட வேண்டும் என்ற விதி இதனால்தான் வலியுறுத்தப்பட்டுள்ளது. சோதனையைக் காலையில் மட்டும் நடத்துவது போதாது என்பதும் செயற்குழுவின் முடிவு. அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் இல்லாத பிசிபி (முன்கூட்டியே அழுத்தி நிரப்பிய காற்றால் இயங்கும்) துப்பாக்கியில் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது வேகம் சற்றுக் குறைந்தும், அழுத்தம் இறங்கிய நடுப்பகுதியில் உயர்ந்தும், பின்னர் மீண்டும் குறைந்தும் வருவது உண்டு. காலையில் வரம்புக்குள் இருந்த துப்பாக்கி நண்பகலில் அதைத் தாண்டக்கூடும். ஆகவே மார்ஷல் எந்த லேனிலும் முன்னறிவிப்பின்றிச் சோதிக்கலாம். வரம்பைத் தாண்டியவரின் அன்றைய மதிப்பெண்கள் நீக்கப்படும். இதில் ஒருவருடைய நோக்கத்தை ஆராய வேண்டியதில்லை. அளவு மட்டுமே பேசும்.

களம் அமைப்பதில் கடினத்தை எப்படி அளப்பது என்ற கேள்வி நீண்ட நேரம் எடுத்துக்கொண்டது. தூரத்தைக் கெஜத்திலும் துளையின் விட்டத்தை அங்குலத்திலும் எடுத்து, முன்னதைப் பின்னதால் வகுத்துக் கிடைக்கும் ட்ராயர் எண்ணை அடிப்படையாகக் கொள்ளலாம் என்று முடிவாயிற்று. 50 மீட்டரில் 40 மி.மீ. துளைக்கு இந்த எண் ஏறத்தாழ 35. 20 மீட்டரில் 15 மி.மீ. துளைக்கு ஏறத்தாழ 37. அருகில் இருப்பதே கடினமானது என்று இந்த எண் சொல்கிறது. காற்றில்லாத நாளில் அது உண்மையும்கூட. ஆனால் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வீசும் குறுக்குக் காற்று, முகத்தில் உணர்வதற்கே அரிதான காற்று, 50 மீட்டரில் பெல்லட்டைச் சுமார் 3 முதல் 4 செ.மீ. தள்ளிவிடுகிறது. துளையின் மையத்தைக் குறிவைத்த குண்டு தகட்டில் முட்ட இதுவே போதும். 20 மீட்டரிலோ அதே காற்று அரை சென்டிமீட்டர் அளவுக்கே விலக்கும். ஆகவே காற்றோட்டம் மிக்க திறந்த லேன்களுக்கும், மரத்தின் மேல் வைக்கப்பட்ட இலக்குகளுக்கும், பாதி நிழலும் பாதி வெயிலுமாக உள்ள இடங்களுக்கும் அமைப்பாளர் தம் மதிப்பீட்டைச் சேர்த்தே கணக்கிட வேண்டும். களம் முழுவதையும் எட்டாத இலக்குகளால் நிரப்புவது திறமையைச் சோதிப்பதாகாது என்பது என் உறுதியான எண்ணம். சிறந்தவருக்கும் ஐயம் தரும் சில இலக்குகளும், தொடக்க நிலையினர் நம்பிக்கையுடன் விழத்தட்டும் பல இலக்குகளும் கலந்த களமே நல்ல களம்.

களம் அமைத்தவர் போட்டியிடலாமா என்பதில் செயற்குழுவில் கருத்து வேறுபாடு இருந்தது. தூரங்களை நாடாவால் அளந்து நட்டவர் அவற்றை மறந்துவிட்டுச் சுட முடியாது. மறுபுறம், அமைப்பாளர்களை முற்றிலும் விலக்கினால் அப்பணிக்கு முன்வருவோர் குறைந்துவிடுவர் என்ற கவலையும் நியாயமானதே. முடிவில், அமைப்பாளர் சுடலாம், ஆனால் அவருடைய மதிப்பெண் பரிசுப் பட்டியலில் சேராது என்றும், அப்பணி உறுப்பினர்களிடையே சுழற்சி முறையில் வரும் என்றும் தீர்மானிக்கப்பட்டது. சங்கத்துக்காகத் தம் வாய்ப்பை விட்டுக்கொடுக்கும் அவர்களை ஆண்டுதோறும் இந்தப் பேரவையில் பெயர் சொல்லிப் பாராட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சுடும் நிலைகள் பற்றிய விதிகளில் பெரிய மாற்றம் இல்லை. கட்டாயமாக நின்றோ முழங்காலிட்டோ சுட வேண்டிய இலக்குகள் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது. அவற்றின் துளைகள் சிறியனவாக இருக்கக் கூடாது. முழங்காலிடும்போது தரையைத் தொடுவன இரு பாதங்களும் ஒரு முழங்காலும் மட்டுமே. எல்லா நிலைகளிலும் துப்பாக்கியின் சுடுவிசை (டிரிகர்) சுடும் கோட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும். நேரத்தைப் பொறுத்தவரை, அமர்ந்து தயாராக ஒரு நிமிடமும் இலக்கு ஒன்றுக்கு ஒரு நிமிடமும் தரப்படும். தொடர்ந்து தாமதிப்பவர் தமக்குப் பின் காத்திருக்கும் அணியின் வெளிச்சத்தையும் காற்றையும் மாற்றிவிடுகிறார் என்பதை உணர வேண்டும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுப்பு எதுவும் இல்லை. சுடும் கோட்டைத் தவிர வேறெங்கும் பெல்லட் நிரப்பப்பட்ட துப்பாக்கி இருக்கக் கூடாது. லேன் விட்டு லேன் செல்லும்போது அது காலியாகவும், சுடத் தயார்நிலையில் இழுத்து வைக்கப்படாமலும் இருக்க வேண்டும். நிறுத்த விசில் ஒலித்ததும் யாரும் சுடக் கூடாது. நிரப்பியிருந்தால் மார்ஷலின் அனுமதியுடன் தரையில் சுட்டுக் காலி செய்யலாம். நிறுத்தத்தில் இழந்த நேரம் முழுமையாகத் திருப்பித் தரப்படும், எனவே அவசரப்பட வேண்டிய தேவையே இல்லை. இரும்பில் மோதும் ஈயம் சிதறித் திரும்பக்கூடும் என்பதால் இலக்குகளை மிக அருகில் வைப்பதில்லை. பார்வையாளர் உட்பட அனைவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ஈயத்தைத் தொட்ட கையை உண்பதற்கு முன் கழுவுவது சிறுவர்களுக்குப் பயிற்சியின் முதல் நாளிலேயே கற்பிக்கப்படுகிறது.

சம மதிப்பெண் பெற்றோருக்கிடையே ஒரே இலக்கை மாறி மாறிச் சுடும் முறை தொடரும். பிஸ்டன் வகைத் துப்பாக்கிகளுக்கும் பிசிபி வகைத் துப்பாக்கிகளுக்கும் தனித்தனிப் பட்டியல்கள் இருக்கும்.

வெயிலிலும் மழையிலும் களத்தில் நின்ற மார்ஷல்களுக்கும், இலக்குகளைப் பழுதுபார்த்த உறுப்பினர்களுக்கும், விதிக் குழுவில் வாதிட்டுப் பின் முடிவை ஏற்றுக்கொண்ட நண்பர்களுக்கும் சங்கத்தின் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். திருத்தப்பட்ட விதிப் புத்தகத்தின் பிரதி ஒவ்வோர் இருக்கையிலும் வைக்கப்பட்டுள்ளது. இந்த ஆண்டறிக்கையையும் அந்த விதிகளையும் ஏற்று, அடுத்த போட்டி முதல் அவை நடைமுறைக்கு வர ஒப்புதல் அளிக்குமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்