தப்பிப் பிழைத்த பயணங்களையும் விசாரியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

விமானம் ஒன்று விழுந்தால் கறுப்புப் பெட்டி கிடைத்ததா என்றே முதலில் கேட்கிறோம். (அதன் நிறம் செம்மஞ்சள் என்பது வேறு விடயம்.) விழாமல் தப்பிய விமானத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

1974 டிசெம்பர் 4ஆம் திகதி, இந்தோனேசியாவின் சுராபயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களுடன் கட்டுநாயக்கவுக்கு வந்துகொண்டிருந்த மார்ட்டின்எயார் விமானம், தான் இருக்குமிடத்தை விமானிகள் தவறாகக் கணித்ததால் மஸ்கெலியாவுக்கு அருகே ஏழு கன்னியர் மலையில் மோதி, 191 பேரும் மாண்டனர். அதற்கு மூன்று நாட்களுக்கு முன்பு, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் தரையிறங்க வந்த டி.டபிள்யூ.ஏ. என்ற நிறுவனத்தின் விமானமும் இவ்வாறே மலையில் மோதியதில் 92 பேர் இறந்தனர். ஆறு வாரங்களுக்கு முன்னரே வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே மலையில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருந்தது என்பதும், அந்தத் தகவல் அந்நிறுவனத்தின் விமானிகளைத் தாண்டி வெளியே செல்லவில்லை என்பதும் விசாரணையில்தான் தெரியவந்தன. இதன் பின்னரே, 1976இல், ஊழியர்கள் தங்கள் தவறுகளை இரகசியமாக அறிவிக்கும் முறை அங்கு தொடங்கியது. அந்த அறிக்கைகள் அனுமதிப்பத்திரம் வழங்கும் திணைக்களத்துக்கு அன்றி நாசாவுக்குச் செல்கின்றன. அங்கு எழுதியவரின் அடையாளம் நீக்கப்படுகிறது.

நான் இரத்மலானையில் விமானப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்தவன். ஒருநாள் மாலை, கருவிப் பலகையில் பத்து மில்லிமீற்றர் ஸ்பேனர் தொங்கவேண்டிய இடத்தில் அதன் கோட்டுருவம் மட்டுமே இருந்தது. அரை மணி நேரம் தேடி, விமானத்தின் சக்கர அறைக்குள் கிடந்ததை எடுத்துத் துடைத்து மாட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பதிவேட்டில் எழுதியிருந்தால் வேலை போயிருக்கும் என்ற பயந்தான் காரணம்.

விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பதே, பழி சுமத்துவது அல்ல என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின், விபத்து விசாரணை பற்றிய 13ஆம் இணைப்பு கூறுகிறது. ஆனால் தவற்றைக் கேட்பவரும் தண்டிப்பவரும் ஒருவராகவே இருந்தால் யார் வாய் திறப்பார்? ஆகவே, இத்தகைய அறிக்கைகளைச் சுயாதீனமான அமைப்பொன்று பெற்று, பெயர்களை நீக்கி, சுருக்கங்களை மும்மொழிகளிலும் வெளியிட அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். வேண்டுமென்றே விதிமீறுவோருக்கும் குடிபோதையில் கடமைக்கு வருவோருக்கும் இந்தப் பாதுகாப்புத் தேவையில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழில்நுட்பவியலாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.