அந்த ஒரு சொட்டுத் தண்ணீர்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில், பழத்தைத் தொட்டுச் சாப்பிடும் சாக்லேட் டிப் எப்படிச் செய்வது என்று கேட்டாய். நான் அளவைச் சொல்லி முடிப்பதற்குள் பையன் தூக்கத்திலிருந்து எழுந்து அழுதான், நீ வைத்துவிட்டாய். அளவு மட்டும்தான் என்றால் வாட்ஸ்அப்பில் நாலு வரி போட்டிருப்பேன். ஆனால் போனை வைப்பதற்கு முன்னால் நீ ஒன்று சொன்னாய். "பிறந்தநாள் அன்னைக்கு இவனைக் கிச்சன் பக்கமே விடப் போறதில்லைம்மா, ஈரக் கையை வெச்சான்னா எல்லாம் பாழாயிடும்." அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அதனால்தான் பேனாவை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் டிப்பைச் சொல்லிவிடுகிறேன். 200 கிராம் டார்க் சாக்லேட், 200 மில்லி கிரீம், ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவுதான். சிலர் ஒரு ஸ்பூன் வெண்ணெயும் போடுவார்கள். போட்டால் பளபளப்பு கூடும், போடாவிட்டால் குறை ஒன்றும் இல்லை. உப்பை மட்டும் விட்டுவிடாதே, பாயசத்துக்கு நான் ஒரு கல் உப்பு போடுவேனே, அதே கணக்கு. இங்கே பெட்டியில் வரும் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான். டப்ளினில் நீ வாங்குவது கெட்டியாக இருக்கும், பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள். 35-க்கு மேல் இருந்தால் 150 மில்லி கிரீம், 50 மில்லி பால் என்று எடுத்துக்கொள். மில்க் சாக்லேட் என்றால் அது தானாகவே இளகலாக இருக்கும், 120 மில்லி கிரீம் போதும்.

சாக்லேட் வாங்கும்போது பின்பக்கம் படி. கோகோ பட்டர் என்று இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு சேர்த்திருந்தால் அது காம்பவுண்ட். கேக்குக்கு மேலே ஊற்ற அது பரவாயில்லை, டிப்புக்கு வேண்டாம். வாயில் மெழுகு மாதிரி ஒட்டும். கோகோ பட்டர் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும், நம் உடம்புச் சூடு 37. நாக்கில் வைத்ததும் கரைவது அதனால்தான். ஆனைமலையில் தாத்தா தோப்பில் தென்னைக்கு ஊடே கோகோ மரம் நிற்குமே, ஞாபகம் இருக்கிறதா? அடிமரத்திலேயே காய் ஒட்டிக்கொண்டு தொங்கும். நீ உள்ளே இருந்த வெள்ளைச் சதையைச் சப்பிவிட்டு, விதையையும் கடித்துப் பார்த்துக் கசப்பு தாங்காமல் துப்பினாய். அந்த விதையில் பாதிக்குப் பாதி கொழுப்புதான். அதை அஞ்சாறு நாள் புளிக்க வைத்து, காயவைத்து, வறுத்த பிறகுதான் சாக்லேட் வாசனையே வரும். இதைப் பையனிடம் சொல், அவனுக்குப் பிடிக்கும்.

சாக்லேட்டை மிளகு அளவுக்குப் பொடியாக நறுக்கிக்கொள். இதில் சோம்பல் படாதே, பெரிய துண்டாக இருந்தால் கிரீமின் சூடு உள்ளே போகாது. கிரீமைச் சின்ன அடுப்பில் வைத்து, ஓரத்தில் குட்டிக் குட்டிக் குமிழ் வந்ததும் அணைத்துவிடு. பால் மாதிரிப் பொங்க விடாதே. அதைச் சாக்லேட் மேல் ஊற்றிவிட்டு மூன்று நிமிஷம் தொடாமல் இரு. அப்புறம் நடுவில் மட்டும் சின்ன வட்டமாகக் கலக்கு. முதலில் திரிந்த பால் மாதிரித் தெரியும், பயந்துவிடாதே. நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கறுப்பாக, மினுமினு என்று ஓர் இடம் சேரும். அதை அப்படியே ஓரத்துக்கு விரித்துக்கொண்டே வந்தால் இரண்டு நிமிஷத்தில் மொத்தமும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். மேலே எண்ணெய் மிதந்தால் சூடு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான பால் விட்டுக் கலக்கினால் சேர்ந்துவிடும்.

சரி, இனி நான் சொல்ல வந்தது.

உன் எட்டாவது பிறந்தநாளை நீ மறந்திருக்க மாட்டாய். அப்பா ரஸ்ஸல் மார்க்கெட்டிலிருந்து மகாபலேஸ்வர் ஸ்ட்ராபெரி இரண்டு பெட்டி வாங்கி வந்திருந்தார். அப்போது எனக்குக் கிரீம் முறை தெரியாது. கொதிக்கிற தண்ணீர் மேல் கிண்ணத்தை வைத்து வெறும் சாக்லேட்டைத்தான் உருக்கினேன். நீ நாற்காலி போட்டு ஏறி நின்று, ஒவ்வொரு பழமாகக் காம்பைப் பிடித்துக் குழாயில் கழுவிக்கொண்டிருந்தாய். நான் ஹாலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து கலக்கினால், சாக்லேட் நனைந்த மணல் மாதிரி ஆகிவிட்டது. கரண்டியைத் தூக்கினால் மொத்தமும் உருண்டையாக ஒட்டிக்கொண்டு வந்தது. ஈரக் கையை உள்ளே விட்டாயா என்று உன் சிநேகிதிகள் முன்னாலேயே கத்தினேன். நீ இரண்டு கையையும் பாவாடையில் துடைத்து, விரித்துக் காட்டி, "நான் தொடவே இல்லைம்மா" என்றாய். நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் வழித்துக் குப்பையில் போட்டேன். அன்றைக்குப் பிள்ளைகள் ஸ்ட்ராபெரியைச் சர்க்கரையில் தொட்டுச் சாப்பிட்டார்கள். நீ ஒன்றுகூட எடுக்கவில்லை.

உனக்குச் சரியாகச் சொல்ல வேண்டுமே என்று இந்தப் புதன்கிழமை கிரீம் போட்டு ஒரு தடவை, பழைய முறையில் ஒரு தடவை, இரண்டும் செய்து பார்த்தேன். பழைய முறையில் உருக்கிக்கொண்டிருந்தபோது சிலிண்டர்காரர் மணி அடித்தார். சூடு ஆறக் கூடாது என்று கிண்ணத்தின் மேல் எவர்சில்வர் தட்டை வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து தட்டைத் தூக்கினால், அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். தட்டைச் சாய்த்ததும் நாலைந்து சொட்டு ஒன்றாகச் சேர்ந்து சாக்லேட்டில் விழுந்தது. கலக்கினேன். விழுந்த இடத்தில் முதலில் பளபளப்பு போனது, அப்புறம் கரகரவென்று இறுகியது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரண்டியைச் சுற்றி உருண்டை. அதே உருண்டை.

அன்றைக்கும் நான்தான் மூடினேன், பாப்பா. கேக் வெட்ட அப்பா கூப்பிட்டார், அதே தட்டை எடுத்து மூடிவிட்டுத்தான் ஹாலுக்குப் போனேன். 23 வருஷமாக அது எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. உன் விரித்த கை மட்டும் ஞாபகம் இருந்தது, அது ஈரமாக இருந்தது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நீ பொய் சொல்லவில்லை. தப்பு என்னுடையது. உன்னை நம்பாமல் போனதற்கு, அதுவும் பிறந்தநாள் அன்று, எல்லார் முன்னாலும் கத்தியதற்கு, அம்மாவை மன்னித்துவிடு.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன், இது அதைவிட வேதனையாக இருந்தது. அந்தச் சாக்லேட்டைக் கொட்டியிருக்கவே வேண்டாம். சர்க்கரை டப்பாவில் ஈரக் கரண்டியைப் போட்டால் கட்டி தட்டும் அல்லவா? சாக்லேட்டிலும் அதுதான் நடக்கிறது. சர்க்கரைப் பொடியும் கோகோப் பொடியும் கொழுப்பில் மிதந்துகொண்டிருக்கின்றன. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதும் சர்க்கரை பிசுபிசுத்து, பக்கத்தில் இருப்பதையெல்லாம் ஒட்டிக்கொள்கிறது. கொஞ்சமாகத் தண்ணீர் பட்டால்தான் இந்தக் கதி. நிறைய விட்டால் சர்க்கரை கரைந்து, கட்டி விட்டுப்போகும். 200 கிராமுக்கு அரை டம்ளர் சூடான பால், ஸ்பூன் ஸ்பூனாக விட்டு அழுத்திக் கலக்கினால் நல்ல சாஸ் ஆகிவிடும். புதன்கிழமை அப்படித்தான் செய்தேன். அப்பா மூன்று ஏலக்கி வாழைப்பழத்தை அதில் தொட்டே தீர்த்தார்.

கிரீம் முறையில் இந்தப் பயமே கிடையாது. கிரீமிலேயே தேவையான தண்ணீர் இருக்கிறது, பையன் கையிலிருந்து இரண்டு சொட்டு விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. அதனால் அவனைத் தள்ளி நிறுத்தாதே. சூடான கிரீமை ஊற்றுவதை மட்டும் நீ பார்த்துக்கொள், கலக்குவது அவன் வேலை. அந்தக் காசு அளவு பளபளப்பு விரிவதை அவன் கண்ணால் பார்க்கட்டும்.

அங்கே குளிருக்கு டிப் சீக்கிரம் இறுகும். அகலமான பாத்திரத்தில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்து, அதற்குள் கிண்ணத்தை வைத்துக்கொள். யாரும் தொடாத மிச்சம் இருந்தால் மூடி ஃபிரிட்ஜில் வை, மூன்று நாள் தாங்கும். மைக்ரோவேவில் 15 விநாடி, கலக்கு, மறுபடி 15 விநாடி. ஒரேயடியாக வைத்தால் கருகிவிடும்.

தொட்டுச் சாப்பிட ஸ்ட்ராபெரியும் வாழைப்பழமும் போதும். பெரியவர்களுக்கு, நான் போன மாசம் அனுப்பின ஐயங்கார் பேக்கரி காரா பிஸ்கட்டை எடு. பச்சை மிளகாய்க் காரத்தோடு சாக்லேட் அவ்வளவு நன்றாக இருக்கிறது, மாப்பிள்ளையைச் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்.

பழத்தைக் கழுவினதும் துணியில் ஒற்றி எடுக்க வேண்டும், ஈரம் இருந்தால் டிப் பழத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். நாற்காலி போட்டு அவனை ஏற்றி நிறுத்தி, ஸ்ட்ராபெரி கழுவும் வேலையை அவனிடமே கொடு.

அன்புடன்,
அம்மா