நம்ம சீபேப் கூட்டத்தோட ஆண்டறிக்கை – செயலாளர், பினாங்கு

எல்லாருக்கும் வணக்கம். தூக்கத்துல மூச்சு தடைபடறவங்க மாஸ்க் வழியா காத்தை அழுத்தி விடற சீபேப் மெஷினைப் போட்டுத் தூங்குறோமே, அவங்களுக்கான கூட்டம்தான் நம்மது. கணக்கு வழக்கை பொருளாளர் அக்கா வாசிப்பாங்க, அதுல நான் கை வைக்கல. வருஷம் முழுக்க என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்றேன், கொஞ்சம் இழுக்கும், தே தாரிக் எடுத்து வச்சுக்கிட்டு கேளுங்க.

இந்த வருஷம் புதுசா வந்தவங்க பெரும்பாலும் மெஷினை அலமாரி மேல தூக்கி வச்சிட்டுத்தான் வந்தாங்க. மணிக்கு 30 தடவைக்கு மேல மூச்சு தடைபடுது, கடுமைன்னு ரிப்போர்ட் வாங்குனவங்களும் அதுல உண்டு. கேட்டா "எனக்கு ஒத்துக்கல"ம்பாங்க, துருவிக் கேட்டா பாதி கதை மாஸ்க்குலதான் நிக்குது. நம்ம அண்ணன்மாருங்க மீசையைத் தொட விடமாட்டாங்க, முழு முக மாஸ்க்கை போட்டா மீசை தாடி வழியா காத்து புஸ்ஸுன்னு கண்ணுக்குள்ள அடிக்குது, மூக்குத் துவாரத்துல மட்டும் பொருந்துற பில்லோ வகையை ஒருத்தருக்கு காட்டினோம், மீசையும் தப்பிச்சுது டிரீட்மெண்டும் தப்பிச்சுது. வாயைத் திறந்து தூங்குறவங்களுக்கு அது சரிப்படாது, அதையும் சொல்லிட்டோம். முகத்துல எண்ணெய் தடவிட்டு மாஸ்க் போட்டா வழுக்கும், சிலிக்கானும் சீக்கிரம் கெட்டுப்போகும். தைப்பூசத்துக்கு மொட்டை போட்டவங்களுக்கு வார் லூசாகி லீக் ஆனது தனிக்கதை, அடுத்த தடவை மொட்டை போட்ட அன்னைக்கே வாரை இறுக்கிப் பாத்துக்குங்கப்பா.

இன்னொண்ணு ஏர்கோன். நம்ம ஊரு ஈரக்காத்துக்கு, மெஷின் காத்துல ஈரம் சேர்க்கிற ஹியூமிடிஃபையர் எதுக்குன்னு சிலர் ஆஃப் பண்ணிடறாங்க, தொண்டை காய்ஞ்சு போகுது. சிலர் அதை முழுசா ஏத்தி வச்சு ரூமை ஐஸ்பெட்டி மாதிரி ஆக்குறாங்க, குழாய்க்குள்ள தண்ணி கட்டி நடுராத்திரி மூக்குல தெறிக்குது, பயந்துபோய் அதோட விட்டுட்டாங்க. ஈரத்தை ஒரு படி குறைச்சு, ஏர்கோன் குளிரையும் கொஞ்சம் குறைச்சு, குழாயைப் போர்வைக்குள்ள விட்டா தீர்ந்துச்சு, இதுக்குப் போய் டிரீட்மெண்டையே நிறுத்தணுமா?

பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில நைட் ஷிஃப்ட் பாக்குறவங்கதான் ரொம்ப கஷ்டப்படறாங்க. பகல்ல தூங்கினாலும் மாஸ்க் வேணும், பசியாறிட்டு சோபாவுல சாயுற குட்டித் தூக்கத்துக்கும் வேணும்னு யாரும் அவங்களுக்கு சொல்லல.

30 நாள்ல 70 சதவீத ராத்திரி, ராத்திரிக்கு நாலு மணி நேரமாவது மாஸ்க் போடணும்னு ஒரு கணக்கு இருக்கே, அது அமெரிக்காவுல மெடிகேர்ங்கிற அரசாங்க இன்சூரன்ஸ் மெஷினுக்குப் பணம் கட்டறதுக்கு வச்ச அளவு. அதை வச்சு ஒருத்தரை ஃபெயில்னு சொல்றது எனக்குப் பிடிக்கல. ரெண்டு மணி நேரம் போட்டேன்னு சொன்னா சபாஷ்னு சொல்லுங்க. நாங்க பாத்த வரைக்கும் முதல் ஒரு வாரம் பழைய ஆள் ஒருத்தர் தினமும் போன் அடிச்சவங்க தொடர்ந்து போடறாங்க, டப்பாவோட தனியா விடப்பட்டவங்கதான் நின்னுட்டாங்க. மூச்சு முட்டுற பயம் இருக்கிறவங்களை முழிச்சிருக்கும்போதே டிவி முன்னாடி மாஸ்க் போட்டு உக்கார வச்சோம், மெதுவா பழகிட்டாங்க. ரேம்ப் பட்டனைக் காட்டினதும் பலருக்கு முகமே மலர்ந்துச்சு, காத்து மெல்ல ஆரம்பிச்சு ஏறும்னே தெரியாம இருந்திருக்காங்க.

மெஷினோட காத்து பிரஷர் அளவை நாம யாரும் தொடக்கூடாது, இதுல கமிட்டி கறார். வயிறு உப்புது, ஏப்பம் விடாம வருதுன்னா டாக்டர்கிட்ட அனுப்புங்க.

தவறிப்போனவங்க வீட்டுல இருந்து மெஷின் குடுக்கறாங்க, நல்ல மனசுதான், ஆனா 2021 ஜூன்ல பிலிப்ஸ் சத்தம் குறைக்க உள்ள வைக்கிற ஃபோம் சிதையுதுன்னு நிறைய மாடலைத் திரும்ப வாங்குனாங்க, சீரியல் நம்பர் பாக்காம எதையும் கை மாத்தாதீங்க. பழைய மாஸ்க் வேணவே வேணாம்.

வர்ற வருஷம் பட்டர்வொர்த் பக்கம் ஒரு கூட்டம் வைக்கணும், பாலம் கடந்து வர முடியாம ரொம்பப் பேர் விட்டுப்போறாங்க. போன் அடிக்கிற வேலைக்குப் பெண்கள் பத்தல, வீட்டுக்காரம்மாங்க யாராச்சும் முன்வந்தா கூட்டம் முடிஞ்சதும் என்கிட்ட பேர் குடுங்க.