நாலு ரிப்பன், நாலு பதக்கம்: உதவியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் எங்கள் ஆயா பெயருக்கு ஒரு பதிவுத் தபால் பார்சல் வந்தது. உள்ளே தாத்தாவின் ராணுவப் பதக்கங்கள் நான்கு. தாத்தா பட்டாளத்தை விட்டு வந்தது 1974இல். இறந்தது 1998இல். பதக்கங்கள் குடியாத்தம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

இதற்கு உதவியவர்களில் பாதிப் பேருக்குக் கடைசியில் என்ன ஆனது என்றே தெரியாது. ஒரு கையெழுத்து, ஒரு போன், ஒரு மணி நேர வேலை என்று செய்து கொடுத்துவிட்டு அவரவர் வழியில் போய்விட்டார்கள். அவர்களுக்காகத்தான் இந்த மடல். பெயர்களைப் போடவில்லை. இரண்டு பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களைப் போட்டால் நன்றாக இருக்காது என்று யாருடையதையுமே போடவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதலில் ஹவில்தார் ஐயா. மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தவர் நீங்கள். காபியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த தாத்தாவின் கறுப்பு வெள்ளை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "நாலு ரிப்பன் குத்தியிருக்காரே, மெடல் எல்லாம் எங்க?" என்று கேட்டீர்கள். நெஞ்சில் குத்தியிருக்கும் அந்தப் பட்டைதான் பதக்கம் என்று அதுவரை நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ரிப்பன் தினசரி உடுப்புக்கு, பதக்கம் அணிவகுப்புக்கு என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். பதக்கம் அறிவிக்கப்பட்டதும் ரிப்பனைக் குத்திக்கொள்ளலாம். ஆனால் பதக்கம் கொல்கத்தா அலிப்பூர் நாணயச் சாலையில் தயாராகி, அதில் ஒவ்வொருவரின் எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டு, ஆள் கைக்கு வந்து சேர வருஷக்கணக்கில் ஆகிவிடும். அதற்குள் வேலையை விட்டு ஊருக்குப் போனவர்களைப் பார்சல் தேடிக்கொண்டு வரும். கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் திரும்பிப் போய்விடும்.

அப்புறம் விரல் விட்டு எண்ணிக் காட்டினீர்கள். சீனப் போருக்கு மறு வருஷம், 1963இல், மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தவர். அதனால் 1965 போருக்கு ரக்ஷா பதக்கம். 1971 போரில் கிழக்கு முனைக்குப் போனவர், அதற்குப் பூர்வி ஸ்டார். அதே போருக்காகப் பொதுவில் கொடுத்த சங்கிராம் பதக்கம். 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்ததால் சுதந்திரத்தின் 25ஆவது ஆண்டுப் பதக்கம். ரிப்பன் நாலுக்கும் கணக்கு சரியாக இருந்தது.

ஆயா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அவரே கேக்கல. நாம இன்னாத்துக்குக் கேக்கணும்?" என்று சொல்லிவிட்டார். தாத்தா ஊருக்கு வந்த பிறகு பட்டாளத்தைப் பற்றி அதிகம் பேசியதில்லையாம். அவருடைய அப்பா திடீரென்று போனதில், பதினைந்து வருஷம் முடிக்காமலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அதனால் பென்ஷனும் இல்லை. தீப்பெட்டி கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்தார். ஆயாவுக்கு இதெல்லாம் உறுத்தல். பணம் கேட்டுப் போகிறோம் என்று யாராவது நினைத்துக்கொண்டால்? இரண்டு வாரம் கழித்து ஹவில்தார் ஐயா மறுபடி வந்து, "அதுல அவர் பேரு வெட்டியிருக்கும்மா. வேற யாருக்கும் குடுக்க முடியாது. நீங்க வாங்கலன்னா எங்கயாவது அலமாரியில சும்மாதான் கிடக்கும்" என்றார். ஆயா எதுவும் சொல்லாமல் எழுந்து உள்ளே போனார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சம்மதம்.

விண்ணப்பிக்கத் தாத்தாவின் ராணுவ எண் வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கரையான் தின்று எத்தனையோ வருஷம் ஆயிற்று. பென்ஷன் இல்லாததால் பென்ஷன் ஆணையும் இல்லை. அப்போதுதான் ட்ரங்குப் பெட்டி ஞாபகம் வந்தது. பட்டாளத்துக்காரர் வீடுகளில் பார்த்திருப்பீர்கள், கறுப்பு இரும்புப் பெட்டி, மூடியில் வெள்ளை பெயின்டில் எண், பதவி, பெயர். எங்கள் வீட்டுப் பெட்டிக்கு ஏதோ ஒரு பொங்கலுக்கு மாமா பச்சை எனாமல் அடித்துவிட்டார். உள்ளே வருஷத்துப் புளி.

பெயின்டர் அண்ணா, கடைக்குப் போர்டு எழுதுகிற உங்களைக் கூப்பிட்டுப் பெயின்டைச் சுரண்டச் சொன்னபோது நீங்கள் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. "சுரண்டினா அடியில இருக்கறதும் சேந்து வந்துடும்" என்றீர்கள். பழைய பனியன் துணியைத் தின்னரில் நனைத்து, ஒரு ஓரத்தில் தொட்டுத் தொட்டு எடுத்தீர்கள். பச்சை கரைந்து துணியில் ஏறும், நிறுத்துவீர்கள், வேறு துணி எடுப்பீர்கள். அரை மணி நேரம் கழித்து வெள்ளையாக ஒரு வளைவு தெரிந்தது. "2" என்றீர்கள். ஒவ்வொரு இலக்கமாக மேலே வந்தது. "இது அச்சுத் தகடு வெச்சு அடிச்சது இல்ல, கையால எழுதியிருக்காங்க. நல்ல கை" என்று ஒரு தொழில்காரரை இன்னொரு தொழில்காரர் பாராட்டுவது போலச் சொன்னீர்கள். ஐந்து இலக்கங்கள் தெளிவாக வந்தன. கடைசி இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் தகடே இல்லை. உள்ளே இருந்த புளி இரும்பைத் தின்றிருந்தது. துரு உதிர்ந்து என் விரல் போகிற அளவுக்கு ஓட்டை.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த ஆயா, என்ன என்று கேட்டார். கடைசி ரெண்டு நம்பர் போயிடுச்சு ஆயா என்றேன். கரண்டியைக் கூடக் கீழே வைக்காமல் அந்த இரண்டு இலக்கத்தையும் சொன்னார். அப்புறம் முதலிலிருந்து ஏழையும் சொன்னார். அதோடு நிற்காமல் சிப்பாய், தாத்தாவின் பெயர், கம்பெனி, மதராஸ் ரெஜிமெண்ட், கேர் ஆஃப் 99 ஏபிஓ என்று பாட்டுப் போல ஒப்பித்து முடித்தார். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து தெரிந்தவர்களிடம் சொல்லிச் சொல்லி எழுதவைத்த கடிதங்களின் முகவரி அது.

"ஏன் ஆயா முன்னாடியே சொல்லல?"

"யாரு கேட்டீங்க?"

பெயின்டர் அண்ணா, நீங்கள் அப்போது வாசலுக்குப் போய் நின்று சிரித்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

அடுத்தது காகித வேலை. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நினைத்தாலே களைப்பாக இருக்கிறது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆயாவின் ஆதார், டிஸ்சார்ஜ் புத்தகம் தொலைந்ததற்கு உறுதிமொழிப் பத்திரம். பெரிய சிக்கல் பெயர்தான். வீட்டில் தாத்தா பெயர் ஒரே சொல், முன்னால் இனிஷியல். ராணுவத்தில் அது இரண்டாகப் பிரிந்து, இனிஷியல் காணாமல் போய், நடுவில் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடுதலாகச் சேர்ந்திருந்தது. பத்தொன்பது வயதுப் பையன் பெயரைச் சொல்ல, தமிழ் தெரியாத யாரோ காதில் விழுந்தபடி எழுதியிருக்க வேண்டும். இருவரும் ஒருவரே என்று சான்று வேண்டும் என்றார்கள். ஓர் அலுவலகத்தில் (எது என்பது இருக்கட்டும்) நான்கு முறை போனோம். "இதுல பணம் ஒண்ணும் வராதும்மா, எதுக்கு அலையறீங்க?" என்று ஒருவர் கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் ஆயா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அன்று வீடு வரும் வரை அவர் பேசவேயில்லை.

அதனால்தான் எங்கள் கிராம நிர்வாக அலுவலருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேரை அவரே வரச்சொல்லி, விசாரித்து, அன்றே கையெழுத்துப் போட்டார். நோட்டரி வக்கீல் அம்மா கட்டணம் வாங்க மறுத்துவிட்டார். அவருடைய அப்பாவும் பட்டாளமாம். எங்கள் மாவட்டத்தில் எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே ஒரு பட்டாளத்துக்காரர் படம் மாட்டியிருக்கும். அது இவ்வளவு உபயோகமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இருக்கும் அக்கா, நீங்கள் எழுதிக் கொடுத்த கடிதம்தான் எல்லாவற்றையும் நகர்த்தியது. நான் எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு, "இது நல்லா இருக்கு, ஆனா கதை. அவங்களுக்கு எண், பேரு, சேர்ந்த வருஷம், வெளிய வந்த வருஷம், என்னென்ன பதக்கம், இதான் வேணும்" என்று எட்டு வரியில் முடித்தீர்கள். பென்ஷன் வாங்காதவர் குடும்பமும் உங்களிடம் வரலாம் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். எங்களைப் போல இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவரவர் மாவட்டத்தில் இருக்கும் இந்த அலுவலகத்துக்கு முதலில் போங்கள். நாங்கள் அங்கே கடைசியில்தான் போனோம். எங்களிடம் அசல் பதக்கத்துக்கென்று யாரும் ஒரு ரூபாய் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெயர் விஷயத்தை நேரில் முடித்துவிடலாம் என்று ஆயாவை அழைத்துக்கொண்டு வெலிங்டன் போனோம். காட்பாடியில் நீலகிரி எக்ஸ்பிரஸ், விடிந்தால் மேட்டுப்பாளையம், அங்கிருந்து பஸ். மதராஸ் ரெஜிமெண்டின் தலைமை மையம் அங்கேதான், தாத்தா பயிற்சி எடுத்ததும் அங்கேதான். குன்னூர் தாண்டியதும் ஆயா ஜன்னலை மூடவிடவில்லை. குளிரில் என் தம்பிதான் நடுங்கினான். 1971இல் தளபதியாக இருந்த மானெக்‌ஷா ஓய்வுக்குப் பிறகு குன்னூரில்தான் இருந்தார், 2008இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில்தான் காலமானார் என்று தம்பி போனில் பார்த்துச் சொன்னான். "தெரியும், மானெக்சா. உங்க தாத்தா அவர நேர்ல பாத்துருக்காரு" என்றார் ஆயா. இதையும் நாங்கள் அதுவரை கேட்டதில்லை.

ஆவணக் காப்பு அலுவலகத்து சுபேதார் சார், உங்கள் தமிழில் மலையாளம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. அது கேட்க நன்றாக இருந்தது. உறுதிமொழிப் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, பழைய பதிவேட்டைத் தேடச் சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் ஆயாவுக்கு நாற்காலி போட்டு டீ வரவழைத்தீர்கள். "வெலிங்டனைப் பத்தித் தாத்தா என்ன சொல்லுவாரு அம்மா?" என்று கேட்டீர்கள். "விடியக்காலையில குளிர்ல ஓட வுடுவாங்கன்னு சொல்லுவாரு." நீங்கள் சிரித்து, "இப்பவும் அதான் அம்மா" என்றீர்கள்.

பதிவேடு வந்தது. தாத்தாவின் முகவரி வாணியம்பாடி வட்டம், வட ஆற்காடு மாவட்டம் என்று இருந்தது. ஊரை விட்டு ஆயாவின் ஊரான குடியாத்தம் பக்கம் வந்ததை அவர் எழுதித் தெரிவிக்கவே இல்லை. அந்த வீடு கைமாறி எத்தனையோ வருஷம் ஆகிறது, வட ஆற்காடு என்ற மாவட்டமும் இப்போது இல்லை. பார்சல் எங்கேதான் போகும்? ஆக, யார் மீதும் தப்பில்லை. தாத்தாவிடம்தான் ஒரு போஸ்ட் கார்டு போட்டிருக்கக் கூடாதா என்று கேட்க வேண்டும்.

கடைசியாக எங்கள் தபால்காரர் தம்பி. பார்சல் வந்த அன்று நாங்கள் எல்லோரும் ஒரு சாவுக்குப் போயிருந்தோம், வீடு பூட்டியிருந்தது. அனுப்பிய முகவரியைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தீர்கள். வேலை முடிந்து சாயங்காலம் மறுபடி வந்தீர்கள். "இது ஒருவாட்டி திரும்பிப் போனது போதும் அக்கா" என்றீர்கள். நான் எப்போதோ சொன்னதை நினைவு வைத்திருந்தீர்கள் போல.

பார்சலை ஆயாதான் பிரித்தார். மூன்று பதக்கங்கள் வட்டம். பூர்வி ஸ்டார் மட்டும் ஐந்து முனை வெண்கல நட்சத்திரம், நடுவில் சிங்க முத்திரை. நினைத்ததைவிடக் கனம். வட்டப் பதக்கம் ஒன்றின் விளிம்பில் பொடி எழுத்தில் ஏதோ வெட்டியிருந்தது. ஆயா விரலால் தடவிப் பார்த்து, என்ன போட்டிருக்கு என்று கேட்டார். நான் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து எண்ணைப் படித்தேன். ஐந்தாவது இலக்கத்தோடு நிறுத்தினேன். மீதி இரண்டையும் அவர் சொன்னார். அப்புறம் பெயர். அந்தக் கூடுதல் எழுத்தோடுதான் இருக்கிறது.

கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றதற்கு ஆயா ஒத்துக்கொள்ளவில்லை. நான்கையும் தாத்தாவின் வேட்டித் துணியில் சுற்றி ட்ரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். புளி பிளாஸ்டிக் டப்பாவுக்குப் போய்விட்டது. ஓட்டையைத் தகடு வைத்து அடைத்தாயிற்று.

பெயின்டர் அண்ணா, அதனால் உங்களுக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது. அந்தத் தகட்டின் மேல் கடைசி இரண்டு இலக்கத்தை எழுதித் தர வேண்டுமாம், பழைய கை மாதிரியே. ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுங்கள், சாப்பாடு இங்கேதான். இந்த முறை காசு வாங்காமல் ஆயா விடமாட்டார்.

நன்றியுடன்,
ஆயா, மாமா, தம்பி மற்றும் நான்