பட்டயத்தில் மூன்று தேதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் அறிவியல் புனைகதைகளில் விண்மீன் பேரரசர் வாளால் தோளைத் தொட்டதும் மண்டியிட்டவர் பிரபுவாக எழுந்துவிடுகிறார். பட்டம் வழங்கும் ஆணையான பட்டயம், பதிவேடு, முத்திரை அலுவலகம் எதுவும் கண்ணில் படுவதில்லை. இத்தகைய கதைகள் நம்பும்படி அமையாததற்கு இதுவே முக்கியக் காரணம்.

தூரத்திலிருந்து தொடங்குவோம். தலைநகரிலிருந்து 40 ஒளியாண்டு தள்ளியுள்ள ஒரு கோளில், 30 வயது மருத்துவர் கொள்ளைநோயை அடக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒளிவேகத்தில் சேதி தலைநகரை எட்ட 40 ஆண்டு, பட்டயம் திரும்பி வர இன்னொரு 40. அப்போது அவருக்கு 110 வயது, பெரும்பாலும் இருக்கமாட்டார். ஆகவே பட்டயத்தில் சாதனை நடந்த நாள், முத்திரையிட்ட நாள், அந்தக் கோளில் வாசிக்கப்பட்ட நாள் என மூன்று தேதியும் வேண்டும். எது எந்த நாளிலிருந்து செல்லும் என்பதையும் எழுதியாக வேண்டும். முத்திரை நாளை மட்டும் வைத்தால், அதற்கு முன்பே இறந்தவரின் பட்டம் பிள்ளைகளுக்கு இறங்குமா என்று வழக்கு வரும். சாதனை நாளை மட்டும் வைத்தால், 80 ஆண்டு வரிச்சலுகையை வாரிசுகள் மொத்தமாகக் கேட்பார்கள். பெயரும் மரியாதையும் சாதனை நாளிலிருந்து, நிலமும் சலுகையும் வாசித்த நாளிலிருந்து என்று பிரிப்பதே சரி. இடையில் அவர் கலகத்தில் சேர்ந்து தண்டனை பெற்றிருந்தால், ஆளுநர் வாசிக்காமல் திருப்பி அனுப்பலாம் என்ற ஒரு வரியும் அவசியம்.

பெயர் எழுதாத பட்டயங்களை ஆளுநரிடம் முன்கூட்டியே கொடுத்துவைப்பது வேகமான வழி. அப்படியானால் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் இட்டு, மீந்தவற்றைத் திரும்பக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் விற்பனை தொடங்கிவிடும். இங்கிலாந்தில் மன்னர் முதலாம் ஜேம்ஸ் 1611இல் ஏற்படுத்திய பாரனெட் என்ற பரம்பரைப் பட்டத்துக்கு விலையே இருந்தது: 30 வீரர்களின் மூன்றாண்டுச் செலவு, 1,095 பவுண்டு. பட்ட வியாபாரத்தைக் குற்றமாக்கும் சட்டம் அங்கே 1925இல்தான் வந்தது.

அடுத்த ஆபத்து பெருக்கம். ரஷ்யாவில் பேரரசர் பீட்டர் 1722இல் வகுத்த 14 படிநிலைகளில் (1ஆம் படியே உச்சம்) 8ஆம் படியை எட்டிய குடிமைப்பணி அலுவலருக்குப் பரம்பரைப் பிரபுத்துவம் கிடைத்தது. பிரபுக்கள் பெருகவே 1845இல் அதை 5ஆம் படிக்கும், 1856இல் 4ஆம் படிக்கும் உயர்த்த வேண்டியதாயிற்று. ஆயிரம் கோள் கொண்ட பேரரசில் இந்த வீக்கம் இன்னும் வேகமாக வரும். கோளுக்கு இத்தனை என்ற உச்சவரம்பை முதல் நாளே வைத்துவிட வேண்டும். நெப்போலியனின் 1808 ஏற்பாட்டில் வேறொரு கடிவாளம் இருந்தது. பாரன் என்ற பிரபுப் பட்டம் மகனுக்குப் போக வேண்டுமானால் ஆண்டுக்கு 15,000 பிராங்க் வருமானத்தைக் காட்டி, அதில் மூன்றில் ஒரு பங்கைத் தரும் சொத்தைப் பிரிக்க முடியாதபடி பட்டத்தோடு பிணைக்க வேண்டும். சோற்றுக்கில்லாத பிரபு கடன்காரனின் கைப்பாவையாவதை இது தடுக்கும்.

பரம்பரைத் தொல்லையே வேண்டாமென்று ஆயுள் பட்டம் கொடுத்தாலும் விண்பயணம் அதைக் குலைத்துவிடும். அதிவேகக் கப்பலுக்குள் காலம் மெதுவாக ஓடும்; ஒளிவேகத்தில் 99 விழுக்காட்டில் பறக்கும் கப்பலில் பத்து ஆண்டு கழிந்தால் தலைநகரில் ஏறத்தாழ 71 ஆண்டு ஓடியிருக்கும். நான்கைந்து பயணத்தில் ஒரே ஆள் முந்நூறு ஆண்டு அவை உறுப்பினராக இருப்பார்! ‘தலைநகர் நாட்காட்டிப்படி 60 ஆண்டு’ என்று வரையறுத்தால் தீர்ந்தது.

பட்டப் பெயர்களுக்கு டியூக், பாரன் என்று கடன் வாங்க வேண்டியதில்லை. படைத்தலைவருக்கு ஏனாதி, அமைச்சருக்குக் காவிதி, வணிகருக்கு எட்டி என்று துறைவாரியான பட்டங்கள் பழந்தமிழிலேயே உள்ளன. ஏனாதிக்கு மோதிரம், எட்டிக்குப் பொற்பூ எனத் தனித்தனி அடையாளமும் உண்டு. இன்ன சாதனைக்கு இன்ன பட்டம் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். நம் எழுத்தாளர்கள் இவற்றைத் தாராளமாக எடுத்தாளலாம்.

இங்ஙனம்,
அறிவியல் புனைகதை வாசகர்